வியாழன் இரவுக்கு வைத்த தண்ணீர்

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தலைமையகத்திலிருந்து அந்த வாரத்துக்கான வானிலைக் குறிப்பு வந்து சேர்ந்தது. ஏழு நாளுக்கு ஏழு வரி. மண்டல அலுவலகத்தில் இருப்பவர் அதைப் படித்து, தன் மண்டலத்துக்குப் பொருந்தாத வரி இருந்தால் திருத்தி, பதினொரு மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மதியச் செய்திக்குப் பிறகு வானொலியில் வாசிப்பார்கள். போன வசந்தத்துக்குப் பிறகு அவள் எந்த வரியையும் திருத்தியதில்லை. ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தியதில்லை.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மேட்டின் மேல் இரண்டு அறைகள். முன் அறையில் அவளுடைய மேஜையும் கணினியும். பின் அறையில் கருவிகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பவரின் மேஜை. வெளியே புல்தரையில் வேலி போட்ட ஒரு சதுரத்துக்குள் வெள்ளைப் பலகைப் பெட்டி, மழைமானி, காற்றில் சுழலும் கிண்ணங்கள். ஜன்னலைத் திறந்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பேரி மரங்கள். அந்த வாரம் அத்தனையும் பூத்திருந்தன. யாரோ மொத்தப் பள்ளத்தாக்கையும் வெளுத்துக் காயப் போட்டதுபோல் இருந்தது. அவள் ஒரு வருஷமாக அந்த ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை எதற்காகத் திருப்பிப் போட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கண் கூசுகிறது என்று சொல்லியிருப்பாள்.

குறிப்பில் புதன்கிழமைக்கு இப்படி இருந்தது: ‘வடக்கிலிருந்து குளிர்காற்று. இரவில் பள்ளத்தாக்கில் உறைபனிக்கு வாய்ப்பு உண்டு.’ வியாழனுக்கு: ‘வெயில். குளிர் விலகும். இரவில் மூடுபனி. உறைபனிக்கு வாய்ப்பில்லை.’

பேனாவைத் திறந்தபோது தொலைபேசி அடித்தது. அண்ணி.

“குறிப்பு வந்துருச்சா?” என்றாள் அண்ணி. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்பதெல்லாம் ஒரு வருஷமாகக் கிடையாது.

“வந்துருச்சு அண்ணி.”

“எந்த ராத்திரி?”

“புதன்னு போட்டிருக்கு.”

“போட்டிருக்குன்னா? யாரு போட்டா, நீயா?”

“தலைமையகம்.”

“சரி. குளத்துல ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் தண்ணி இருக்கு. பாதிதான் நிறைஞ்சுது, உனக்கே தெரியும். நாளைக்குச் சாயங்காலம் சங்கத்துல கூடுறாங்க. அதுக்குள்ள நீ ஒரு வார்த்தை...” அண்ணி நிறுத்தினாள். “வேணாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வானொலியே சொல்லட்டும்.”

பின்னால் அண்ணனின் குரல் “ம்” என்றது. அண்ணன் அப்படித்தான். கல்யாணப் பேச்சுக்கும் “ம்”, சண்டைக்கும் “ம்”. எந்த “ம்” எதற்கு என்று அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். தொலைபேசி வைக்கப்பட்டது.

அந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது தோட்டங்கள். மேல்விளிம்பில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குளம், ஒரே பம்பு. உறைபனி வரும் இரவில் மரங்களின் மேல் விடாமல் தண்ணீரைத் தெளிப்பார்கள். தண்ணீர் பூவின் மேலேயே உறைந்து ஒரு கண்ணாடிச் சட்டைபோல நிற்கும். மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்வரை சட்டைக்குள் இருக்கும் பூ சாகாது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பனியிலிருந்து காப்பாற்றப் பனிக்கட்டியையே போர்த்துகிறார்களே என்பார்கள். ஆனால் தண்ணீர் நடுவில் தீர்ந்தால் அவ்வளவுதான்.

போன வசந்தத்தில் குறிப்பு அவள் எழுதியது. உறைபனி குளிர்காற்று வரும் இரவில்தான் என்று அடித்துச் சொன்னாள். பள்ளத்தாக்கு முழுவதும் விடிய விடியத் தெளித்தது. குளம் வற்றியது. காற்று ஓயவே இல்லை, மேகமும் விலகவில்லை, ஒரு புல்கூட உறையவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. எல்லோரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்தார்கள். அன்று இரவு சத்தமில்லாமல் வந்தது உறைபனி. காலையில் அண்ணி ஒவ்வொரு பூவாகக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தாள். பூவின் நடுவில், பிஞ்சாக வேண்டிய இடத்தில், ஒரு பச்சைப் பொட்டு இருக்க வேண்டும். அத்தனையும் கறுத்துப் போயிருந்தன. அதற்குப் பிறகுதான் பள்ளத்தாக்கில் அவளுக்குப் ‘பொய்ப்பனி’ என்று பெயர் வந்தது. கடைத்தெருவில் அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையில் அந்தப் பெயர் போதாது என்றுகூட அவளுக்குச் சில நேரம் தோன்றும்.

காலி டீக் கோப்பையைக் கழுவ எழுந்தாள். அந்தக் கோப்பை மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. கழுவும் தொட்டி பின் அறையில் இருந்தது. தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கரும்பலகை. அதில் சுண்ணாம்புக்கட்டியில், அன்றைய தேதிக்குக் கீழே, இரண்டு எண்கள்: 14, 8.

குறிப்பெடுப்பவர் மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு அலுவலகத்தில் ‘ஈரத்துணி’ என்று பெயர். வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு கண்ணாடி வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் துணி ஈரத்தை விடும், அந்த வெப்பமானி மற்றதைவிடக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமானால் காற்று வறட்சி என்று அர்த்தம். அந்தத் துணியைச் சனிக்கிழமைதோறும் மாற்றுவார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பதவிசாகத் துணி மாற்றியிருக்க மாட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் தானியங்கிக் கருவி வந்து, எண்கள் தாமாகவே தலைமையகத்துக்குப் போக ஆரம்பித்தன. கண்ணாடி வெப்பமானிக் கணக்கை இனி அனுப்ப வேண்டாம் என்று கடிதமும் வந்தது. அனுப்பத்தானே வேண்டாம் என்றார்கள், பார்க்க வேண்டாம் என்று எழுதவில்லையே என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது இன்னைக்கு எடுத்ததா?” என்றாள் அவள்.

“நேத்து எடுத்ததை இன்னைக்கு எழுதுற பழக்கம் எனக்குக் கிடையாது, மேடம்.”

“பதினாலுக்கு எட்டுன்னா ஈரப்பதம் நாப்பத்தொண்ணு வருது. என் திரையில எழுபத்தெட்டு காட்டுதே.”

“திரை காட்டும். அதுக்கு என்ன.”

“உங்க துணி காஞ்சு கிடந்திருக்குமோ?”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “துணி காஞ்சிருந்தா ரெண்டும் ஒண்ணாவே நிக்கும். இது உங்களுக்கு நான் சொல்லணுமா? என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். துணியைச் சொல்லாதீங்க.”

இருவரும் வெளியே போனார்கள். தானியங்கிக் கருவியின் கைபோல நீண்ட ஒரு குழாயின் முனையில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு மூடி. சன்னமான வலை போர்த்தியது. அதற்குள்தான் ஈரத்தை அளக்கும் சில்லு. அவள் குனிந்து பார்த்தாள். வலை இருந்த இடமே தெரியவில்லை. மேட்டுச் சரிவில் வரிசையாக நின்ற பைன் மரங்கள் வசந்தம் வந்தால் ஒரு வாரத்துக்கு மஞ்சள் மகரந்தத் தூளைக் கொட்டித் தீர்க்கும். ஜன்னல் விளிம்பு, கார்க் கண்ணாடி, உலர்த்திய துணி எல்லாவற்றிலும் படியும். அது அந்த வலையிலும் படிந்து, காலை ஈரத்தில் குழைந்து, களிம்பு போல் அப்பியிருந்தது. சில்லு அளந்துகொண்டிருந்தது காற்றின் ஈரத்தை அல்ல, அந்தக் களிம்பின் ஈரத்தை.

ஈரத்துணி சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் தூரிகையை எடுத்தார். அதை எதற்காக எப்போதும் வைத்திருக்கிறார் என்று அவள் கேட்கவில்லை. துடைத்து முடித்துக் கால் மணி நேரம் காத்திருந்தார்கள். திரையில் எழுபத்தெட்டு மெல்ல இறங்கி நாற்பத்து மூன்றில் வந்து நின்றது.

அவள் அந்த எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். பிறகு, “போன வருஷத்து நோட்டு இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. நீல அட்டை. அந்த வாரத்தைப் புரட்டினாள். திரையில் அப்போது எண்பது என்று இருந்தது அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம். அந்த எண்பதை வைத்துத்தான் இரண்டாவது இரவில் மூடுபனி வரும், அது பள்ளத்தாக்குக்குப் போர்வையாக இருக்கும், உறைபனி வராது என்று முடிவு கட்டியிருந்தாள். நோட்டில் ஈரத்துணியின் கூரான எழுத்தில் 12, 6 என்று இருந்தது. பதின்மூன்று அடி தூரம். அவள் மேஜைக்கும் அந்த நோட்டுக்கும் நடுவில் ஒரு சுவரும் பதின்மூன்று அடியும்தான்.

“ஏன் சொல்லல?” என்றாள், நோட்டைப் பார்த்தபடியே.

“நீங்க கேக்கல.” சொல்லிவிட்டு அவர் சுண்ணாம்புக்கட்டியை விரல்களுக்கிடையில் உருட்டினார். “பூவெல்லாம் கருகின அப்புறம்தான் நானே நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்ப சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு விட்டுட்டேன். ஒரு வருஷமா சோறு இறங்கல, மேடம். பார்த்தா அப்படித் தெரியாது. எனக்கு உடம்பு இப்படி.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சிரித்து நாளாகியிருந்தது. பிறகு நோட்டை மூடினாள். சுவரில் மணி பத்தேகால். பேசாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். தவறினாலும் தலைமையகத்தின் தவறு. யாரும் அவளைத் தேடி வர மாட்டார்கள். ஒரு வருஷமாக அவள் கற்றுக்கொண்டிருந்த பாடம் அதுதான், யாரும் தேடி வராத இடத்தில் இருப்பது. அது எவ்வளவு சௌகரியமானது என்பதும் அவளுக்குத் தெரியும். திரும்பித் தன் அறைக்குப் போனாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தலைமையகத்துக்குத் தொலைபேசினாள்.

இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. நிறைய மண்டலங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுப்பு மட்டும் குரலில் இருந்தது.

“அப்போ புதன் ராத்திரி வராதுங்கறீங்க.”

“வராது சார். காத்து நிக்காது, மேகமும் கிடக்கும். குளிரும், ஆனா ஒண்ணரைக்குக் கீழ போகாது. வியாழன் ராத்திரி காத்து நின்னுரும். மூடுபனி வந்து போர்த்தும்னு எழுதியிருக்கோம். போர்த்துறதுக்கு ஈரமே இல்ல. பகல்ல வாங்கின சூடெல்லாம் அப்படியே மேல போயிரும். வெள்ளி விடிகாலை மைனஸ் நாலு.”

“மைனஸ் நாலு.” அவர் அந்த எண்ணை மெல்லச் சொல்லிப் பார்த்தார். “போன வருஷம் ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு சார். அதனாலதான் கூப்பிட்டேன்.”

“உங்க மண்டலம், உங்க கையெழுத்து. எழுதுங்க. ஆனா அது உங்க பேர்ல மட்டும்தான் போகும்.”

“இன்னொண்ணு சார். புதன் வரியில ‘தண்ணீரைச் செலவழிக்க வேண்டாம்’னு சேர்க்கறேன்.”

“அது குறிப்புல வராதே. வானம் என்ன செய்யும்னு எழுதுறதுதான் நம்ம வேலை. ஜனங்க என்ன செய்யணும்னு எழுதுறது இல்ல.”

“தெரியும் சார்,” என்றாள். எழுதினாள்.

மதியம் வானொலிக்காரர் எல்லா மண்டலங்களையும் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் ஒரு கணம் தடுக்கினார். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்திருப்பார். பிறகு சரியாகவே வாசித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பேரிக்காய்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் சங்கம் கூடியது. காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் ஈரத்துணியும் வாசலில் நின்றபோது பேச்சு நின்றது.

“வாங்க, பொய்ப்பனியம்மா,” என்றது ஒரு குரல்.

“இந்த வருஷம் எந்த ராத்திரி முழிச்சிருக்கணும்னு சொல்லிருங்க. தூக்க மாத்திரையை மாத்தி வச்சுக்கறேன்,” என்றது இன்னொன்று. சிரிப்பு எழுந்து அடங்கியது.

அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். போன வருஷம் என்ன நடந்தது என்று சொன்னாள். கருவியை அடைத்த மகரந்தத் தூளைப் பற்றிச் சொன்னாள். பிறகு, “கருவி தப்பாக் காட்டுச்சு, வாஸ்தவம். ஆனா சரியான எண் பக்கத்து அறையில நோட்டுல இருந்துச்சு. நான் எழுந்து போய்ப் பார்க்கல. தப்பு கருவியோடது இல்ல, என்னோடது,” என்றாள். அந்த வாக்கியத்தை அவள் முந்தின நாள் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். வெளியே சொன்னபோது அது எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

முன்வரிசையில் இருந்தவர் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அவர் வாத்தியார். பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் தோட்டம், பம்புத் தண்ணீர் அங்கே ஏறாது, சொந்தமாக ஒரு சின்னக் குட்டை உண்டு.

“குளிர்காத்து வர்ற ராத்திரி பனி வராது, வெயிலடிக்கிற நாள் ராத்திரி வரும். இதைத்தானே சொல்றீங்க?”

“ஆமா.”

“அப்போ நாளைக்குக் காஞ்ச விறகு எரியாது, பச்சை விறகு எரியும்னும் சொல்லுவீங்களா?”

மறுபடி சிரிப்பு. பம்பையும் குளத்து மடையையும் பார்த்துக்கொள்பவர் சிரிக்கவில்லை. அவருக்கு ‘வால்வு’ என்று பெயர். இடுப்பில் எப்போதும் சாவி தொங்கும். “தலைமையகம் புதன்னுது. இந்தம்மா வியாழன்னுது. நான் ஒரு தடவைதான் திறப்பேன். யாராவது ஒருத்தர் பொறுப்பா சொல்லுங்க,” என்றார்.

பொறுப்பு என்ற சொல் விழுந்த இடத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருந்த அண்ணி மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன வருஷம் அடிச்சுச் சொன்னியே, அப்ப இந்த மாதிரி முகம் இல்ல உனக்கு,” என்றாள் அண்ணி.

“என்ன மாதிரி, அண்ணி?”

“பயந்த முகம்.” அண்ணி எழுந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். “அப்ப உனக்குச் சந்தேகமே இல்ல. அதான் நாங்க கெட்டோம். இப்ப எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்த்துட்டு வந்து நிக்கறே. போன வருஷம் அதிகமா கருகினது என் தோட்டம். அதனால நான் சொல்றேன். வால்வண்ணே, சாவி வியாழன்வரைக்கும் உங்க இடுப்புலயே இருக்கட்டும்.”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று வால்வு அண்ணனைக் கேட்டார்.

“ம்,” என்றார் அண்ணன்.

“சரின்னு சொல்றாரு,” என்றாள் அண்ணி.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. வாத்தியார் கை உயர்த்தவில்லை. “என் குட்டையை நான் என் இஷ்டத்துக்குத் திறந்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

புதன்கிழமை மதியமே காற்று கிளம்பிவிட்டது. ஜன்னல்கள் அடித்துக்கொண்டன. சாயங்காலம் நான்கு டிகிரி, ஏழு மணிக்கு மூன்று. குளிர் எலும்பைத் துளைத்தது. வால்வு மூன்று முறை கூப்பிட்டார்.

“ரெண்டே முக்கால் காட்டுது. திறந்துரட்டுமா?”

“வேணாம்.”

“எல்லாரும் மடைகிட்ட வந்து நிக்கறாங்க. வாத்தியார் தோட்டத்துல தெளிக்க ஆரம்பிச்சாச்சு, சத்தம் கேக்குது. என்னால இவங்க முகத்தைப் பார்க்க முடியல.”

“மேல பாருங்க. நட்சத்திரம் தெரியுதா?”

கொஞ்சநேரம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. “ஒண்ணும் தெரியல. ஒரே மேகம்.”

“அப்போ திறக்காதீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க.”

அவரைப் படுக்கச் சொன்னவள் படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஓயாமல் அடிக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். வாழ்க்கையில் எதையும் அப்படி விரும்பியதாக நினைவில்லை. காற்று ஓயவில்லை. விடிந்தபோது வெப்பமானியில் ஒன்றரை. புல்லில் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்லை.

பாதி ஜெயித்தாயிற்று. ஆனால் பாதி ஜெயிப்பது எப்படிப்பட்ட அவஸ்தை என்று வியாழன் பகல் முழுக்கத் தெரிந்தது. நீலமாக, பளிச்சென்று ஒரு நாள். பதினேழு டிகிரி. கடைத்தெருவில் ஜனங்கள் கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். இயக்குநர் கூப்பிட்டு, “உங்க மண்டலத்துலதான் இன்னைக்கு நல்ல வெயில் போல,” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் வைத்தார். தேனீக்கள்கூட அவளைப் பொய்யாக்குவதற்கென்றே வந்ததுபோல் பூவுக்குப் பூ பறந்தன.

மூன்று மணிக்கு ஈரத்துணி கரும்பலகையில் 17, 8 என்று எழுதினார். இருவரும் அதைப் பார்த்தார்கள். இடைவெளி ஒன்பது.

“நல்லா காயுது,” என்றார் அவர், துணி துவைத்துப் போட்டவரைப்போலத் திருப்தியாக.

சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியதும் காற்றுக் கிண்ணங்கள் மெதுவாகி, தயங்கி, நின்றன. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. அவளும் ஈரத்துணியும் வெப்பமானிகளை எடுத்துக்கொண்டு அண்ணியின் தோட்டத்துக்குப் போனார்கள். இன்னும் ஒரே ஒரு முடிவு பாக்கி இருந்தது. குளத்துத் தண்ணீர் ஒன்பது மணி நேரத்துக்குத்தான் வரும். சீக்கிரம் திறந்தால் விடிவதற்குள் தீர்ந்துவிடும். தாமதித்தால் வறண்ட காற்றில் முதலில் விழும் தண்ணீரே பூவை இன்னும் குளிரவைத்துக் கொன்றுவிடும். இதற்குச் சாதாரண வெப்பமானி உதவாது. துணி சுற்றியது எப்போது ஒன்றுக்கு இறங்குகிறதோ அப்போது திறக்க வேண்டும்.

வாத்தியார் தவிர எல்லாத் தோட்டக்காரர்களும், ஆறு வருஷமாக யாரும் கேட்காத ஒரு துணியைச் சுற்றி நின்றார்கள். ஈரத்துணி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மூச்சுக்காற்று படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்.

“மூணு,” என்றார். வெகுநேரம் கழித்து, “ரெண்டு.”

“கொஞ்சம் வேகமா இறங்கச் சொல்லக் கூடாதா?” என்றார் வால்வு.

“சொல்லலாம். கேக்காது.”

பத்தரை மணிக்கு அவர், “ஒண்ணு, மேடம்,” என்றார். அவள் தலையாட்டினாள். வால்வு மடைக்கு ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினார். பள்ளத்தாக்கின் அடியில் பம்பு இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. வரிசை வரிசையாகத் தெளிப்பான்கள் சீறின.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான். அவளுக்குத் தெரிந்த வேலை அது.

விடிந்தபோது மைனஸ் நான்கு. அவள் சொன்ன எண், ஒரு புள்ளிகூடக் கூடாமல் குறையாமல். ஆனால் அந்த எண்ணைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணாடியாகியிருந்தது. கிளைகள், கம்பிகள், வேலி, யாரோ மறந்து வைத்த மண்வெட்டி, எல்லாம் கண்ணாடி. ஒவ்வொரு பூவும் அதற்குள் விரிந்தபடி நின்றது. தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. சூரியன் எதிர்ப்பக்க மேட்டின் மேல் ஏற வேண்டும், பனிக்கட்டி தானாகக் கழல வேண்டும். அதுவரை பம்பு நிற்கக் கூடாது.

ஏழு மணிக்கு வால்வு குளத்திலிருந்து ஓடிவந்தார். “சேறு தெரியுது.”

“எவ்வளவு நேரம் வரும்?”

“அரை மணி. மிஞ்சினா முக்கால்.”

ஏழே காலுக்கு முதல் வெளிச்சம் மேல்வரிசை மரங்களைத் தொட்டது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது, கரண்டி கீழே விழுந்ததுபோல. ஒரு கிளையிலிருந்து பனிக்கட்டிச் சட்டை கழன்று தரையில் உடைந்திருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு பத்து. பிறகு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே சலசலப்பு, ஆயிரம் வீடுகளில் ஒரே நேரத்தில் பாத்திரம் கழுவுவதுபோல. ஏழு நாற்பதுக்குப் பம்பு இரண்டு முறை வெறும் காற்றை உறிஞ்சி நின்றது. அப்போது வெயில் அண்ணியின் தோட்டத்துக் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அண்ணி ஒரு கிளையை வளைத்து, நனைந்த பூ ஒன்றைப் பறித்தாள். கட்டைவிரல் நகத்தால் நடுவில் கீறினாள். வெகுநேரம் பார்த்தாள். இன்னொன்று பறித்தாள். வேறு மரத்துக்குப் போனாள், கீழ்க்கிளை, மேல்கிளை, வேலியோரம். அவள் போகும் வழியெல்லாம் கீறிய பூக்கள் கிடந்தன. திரும்பி வந்தபோது அவள் விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. உள்ளங்கையில் ஒரு பூ இருந்தது.

“நீயே பாரு,” என்றாள்.

நடுவில் பச்சை. கடுகளவு, ஈரமான, உயிருள்ள பச்சை. அவள் அதை ஒரு வருஷமாகக் கனவில் கறுப்பாகவே பார்த்திருந்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு என்று நினைத்தாள். உடனே, ஆமாம், இதற்குத்தான் என்றும் நினைத்தாள்.

அப்புறம்தான் கூச்சல் கிளம்பியது. வால்வு, ஈரத்துணியை இடுப்போடு தூக்க முயன்று முடியாமல் விட்டார். “சோறு இறங்கலைன்னு சொன்னவரு இவரா,” என்று யாரோ கேட்டார்கள். ஒரு தோட்டக்காரர் அவளிடம் வந்து, “பொய்ப்பனியம்மா...” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். “பரவாயில்ல, அந்தப் பேரே இருக்கட்டும். பழகிருச்சு,” என்றாள். அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்சநேரம் மரங்களைப் பார்த்தார்.

“நல்லா சொன்னே,” என்றார்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். “கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல என்னைப் பார்த்து ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல சொன்னதில்ல இவரு.”

திரும்பும் வழியில் அவள் மேல்விளிம்புத் தோட்டத்துக்கு முன்னால் நின்றாள். வாத்தியார் வேலியருகே இருந்தார். அவருடைய குட்டை புதன் இரவே காலியாகியிருந்தது. பூக்கள் வெளியே வெள்ளையாகத்தான் இருந்தன. அவர் கையில் கீறிய பூ ஒன்று, நடுவில் கறுத்து.

“போன வருஷம் உங்களை நம்பினேன். இந்த வருஷம் நம்பல,” என்றார். “ரெண்டு தடவையும் கெட்டது நான்தான்.”

ஆறுதல் சொல்வது அவமானப்படுத்துவதுபோல் இருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, அவரோடு சேர்ந்து அவர் மரங்களைப் பார்த்தாள். கொஞ்சநேரத்துக்குப் பிறகு அவரே, “அந்த நோட்டை நான் பார்க்கலாமா? ரெண்டு வெப்பமானி விஷயம். என் தோட்டத்துலயும் ஒண்ணு வச்சுக்கறேன்,” என்றார்.

“வாங்க. துணியை மட்டும் குறை சொல்லிராதீங்க,” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குக் குறிப்பு வந்தது. ஏழு நாளுக்கு ஏழு வரி. அவள் அதைப் படிக்கும் முன்பு எழுந்து பின் அறைக்குப் போய்க் கரும்பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். இயக்குநரின் கடிதம் ஒன்றும் வந்திருந்தது. எல்லா மண்டல அலுவலகங்களும் கண்ணாடி வெப்பமானிக் கணக்கைத் தினமும் அனுப்ப வேண்டும் என்று. ஈரத்துணி அதை இரண்டு முறை படித்து, “அனுப்பச் சொல்றாங்க. பார்க்கச் சொல்லல,” என்று சொல்லிக் கோப்பில் வைத்தார்.

தொலைபேசி அடித்தது.

“சாப்பிட்டியா?” என்றாள் அண்ணி.

“சாப்பிட்டேன் அண்ணி.”

“இந்த வாரம் எப்படி?”

ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கில் வெள்ளை இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவை தம் பாட்டுக்கு உதிரலாம், இனி அவற்றுக்கு வேலையில்லை. அடியில் பிஞ்சு பிடித்திருந்தது.

“செவ்வாய் மழை,” என்றாள். “குளம் நிறையும்.”